கல்யாண வீடியோவுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு நிமிஷம்

மார்த்தாண்டம், கருங்கல், தக்கலை பக்கம் விசேஷம் வைத்துக்கொண்டு ஸ்டுடியோ தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் சித்தி மகள் கல்யாணத்துக்கு நாங்கள் பிடித்த ஸ்டுடியோ, சொன்ன பேச்சை மீறி எல்லாவற்றையும் ஊருக்குத் திறந்துவிட்டது. அதில் மஸ்கட்டில் இருக்கும் எங்கள் மாமாவுக்கு 45,000 ரூபாய் போனது. புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை. தனியாக மெசேஜ் அனுப்பிக் கேட்டாலும் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நம் மாவட்டத்தில் நேரலை இல்லாத கல்யாணம் இப்போது அபூர்வம். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எந்தக் குடும்பத்தை எடுத்தாலும் மஸ்கட்டிலோ துபாயிலோ குவைத்திலோ ஒருத்தர் இருப்பார். லீவு கிடைக்காது, கிடைத்தாலும் டிக்கெட் விலை கட்டுப்படியாகாது. கொரோனா சமயத்தில் மண்டபத்தில் இத்தனை பேர்தான் என்று கட்டுப்பாடு வந்தபோது பிடித்துக்கொண்ட யூடியூப் நேரலை, நோய் போன பிறகும் போகவில்லை. இப்போது இறந்த வீட்டிலும் கேமரா நிற்கிறது. எனக்கு இதில் குறை எதுவும் இல்லை. மாமா வேலைக்கு நடுவே போனைப் பிடித்துக்கொண்டு தாலி கட்டைப் பார்த்தார், அது நல்ல விஷயம்தான். அதை மாமாவோடு சேர்த்து யாரென்றே தெரியாதவர்களும் பார்க்கும்படி வைத்ததுதான் கோளாறு.

தங்கச்சி இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். அவளுடைய இன்ஸ்டாகிராம் கணக்கு பூட்டித்தான் இருக்கும். தெரிந்தவர்களைத் தவிர யாரையும் உள்ளே விட மாட்டாள். ஸ்டுடியோவில் புக் செய்த அன்றே, லிங்க் சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான், ரீல்ஸ் எதுவும் வேண்டாம் என்று அவளே சொன்னாள். “அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுவோம், நீங்க நிம்மதியா இருங்க” என்றார் கடைக்காரர். சித்தப்பா அட்வான்ஸ் கொடுத்தார். ரசீதில் தேதி, பேக்கேஜ், தொகை, பாக்கி மட்டும் இருந்தன.

கல்யாணத்தன்று நேரலை பப்ளிக்காக ஓடியது. தலைப்பில் பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், தேதி, மண்டபம். முகப்புப் படமாகப் போட்டது என்ன தெரியுமா? கல்யாண அழைப்பிதழையே. அதில் இரண்டு வீட்டு விலாசமும் பெரியவர்களின் போன் நம்பரும் பளிச்சென்று தெரிந்தன. குடும்பமே மண்டபத்தில் இருக்கிறது, வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதை விலாசத்தோடு ஊருக்கு அறிவித்ததற்கு இது சமம். திருடன் எவனும் வரவில்லை, அந்த மட்டில் பிழைத்தோம்.

இரண்டு நாளில் இன்ஸ்டாகிராமில் ரீல் வந்தது. ஸ்டுடியோ பக்கம், மேக்கப் போட்டவர் பக்கம், மண்டபத்தின் பக்கம் மூன்றும் சேர்ந்து போட்டிருந்தார்கள். நகையை மட்டும் நெருக்கத்தில் காட்டும் ஷாட் ஒன்று. கீழே கமெண்ட்டில் எத்தனை பவன் என்று கேள்வி, அதற்கு யாரோ ஒருவர் உத்தேசமாகப் பதில் வேறு. தன் கணக்கைப் பூட்டி வைத்திருந்தவளின் முகம் மூன்று கடைகளின் விளம்பரமாகிவிட்டது.

ஆனால் பணம் போனது ரீலால் மட்டும் இல்லை. நேரலைக்குப் பக்கத்தில் ஓடும் சாட்டைப் பலர் கவனிப்பதில்லை. நேரலை முடிந்ததும் அது அழிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். சேனல்காரர் அணைத்து வைக்காவிட்டால், பிறகு வீடியோவைப் பார்ப்பவருக்கும் அந்தச் சாட் அப்படியே ஓடும். எங்கள் சாட்டில் யார் யார் எந்த நாட்டில் இருக்கிறார்கள், யார் பெண்ணுக்கு என்ன முறை, யாரால் வர முடியவில்லை என்பதெல்லாம் வாழ்த்து வடிவில் இருந்தது. மாமாவை வீட்டில் எல்லோரும் கூப்பிடும் செல்லப்பெயரும் இருந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை.

மறுவீடு முடிந்த சமயம் மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ். புது நம்பர், தங்கச்சியின் படம். அந்தச் செல்லப்பெயரைச் சொல்லி, பழைய சிம் கெட்டுப்போச்சு மாமா, நகைக்கடையில 45,000 பாக்கி நிக்குது, அப்பாகிட்ட கேக்கச் சங்கடமா இருக்கு, வந்த மொய்யை எண்ணி முடிச்சதும் தந்துடறேன் என்று. மாமா கூப்பிட்டுப் பார்த்தார். கட் செய்துவிட்டு, பக்கத்துல அத்தை இருக்காங்க, பேச முடியாது என்று பதில் வந்தது. கல்யாணமான ஒரு வாரத்தில் எந்தப் பெண்ணும் அப்படித்தானே சொல்வாள்? ஊர் வங்கியில் இருக்கும் தன் கணக்கிலிருந்து அனுப்பிவிட்டார். அடுத்த நாள் தங்கச்சியின் பழைய நம்பருக்கே போன் போட்டு, “மக்களே, ரூவா கிட்டிச்சா?” என்றார். “எந்த ரூவா மாமா?”

முதலில் மாப்பிள்ளை வீட்டார் யாரோ விளையாடினார்களா என்றுகூடப் பேச்சு எழுந்தது. கல்யாண வீட்டில் சந்தேகம் கிளம்பினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதைத் தீர்த்தது அந்த வாட்ஸ்அப் படம்தான். மாலையோடு பக்கவாட்டில் திரும்பிச் சிரிக்கும் படம். ஆல்பமும் பென் டிரைவும் அதுவரை எங்கள் கைக்கு வரவில்லை. எங்கள் யாரிடமும் அந்தப் படம் கிடையாது. ரீலில் மட்டும் இருந்தது.

ஸ்டுடியோவுக்குப் போனோம். “சாரே, எல்லா கஸ்டமரும் நீங்க எப்பப் போடுவீங்கன்னு கேட்டு வாங்கிப் போடுகாவ, நீங்க மட்டுந்தான் இப்படி” என்றார் சித்தப்பாவிடம். அப்புறம் கொஞ்சம் குரல் உயர்ந்ததும், எங்க கேமரா, எங்க படம், எங்க பக்கத்துல போட எங்களுக்கு உரிமை உண்டு என்றார். கடைசியில், பாக்கியைத் தீர்த்தால் ரீலை எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்றார். பென் டிரைவ் அவர் கையில். எனக்கு அதிகம் எரிந்தது இந்த இடத்தில்தான். ஏமாற்றியவன் யாரென்றே தெரியாது. இவர் எதிரிலேயே உட்கார்ந்து பேரம் பேசினார்.

குழித்துறை கோர்ட்டில் வேலை பார்க்கும் தெரிந்த வக்கீல் ஒருவர் சொல்லித்தான் விஷயம் புரிந்தது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில் அவரிடம் பணம் வாங்கிக்கொண்டு எடுத்த போட்டோவுக்கும் படத்துக்கும் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான், எதிராக ஒப்பந்தம் எதுவும் இல்லாதவரை. கேமரா யாருடையது என்பது கேள்வியே இல்லை. எங்கள் ரசீதில் ஒன்றும் எழுதாதது இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்கே சாதகமானது. சில ஸ்டுடியோக்கள் ஆர்டர் பாரத்தின் அடியில், படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்வோம் என்று பொடி எழுத்தில் அடித்திருக்கும். அதன் கீழே கையெழுத்துப் போட்டால் கதை மாறிவிடும். அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டுப் போடுங்கள்.

வக்கீல் நோட்டீஸ் போன பிறகு ரீல் போனது. யூடியூப் வீடியோவை மட்டும் இழுத்தடித்தார்கள். யூடியூபில் தனியுரிமைப் புகார் என்று ஒரு வழி இருக்கிறது. படத்தில் இருப்பவர், தான்தான் என்று அடையாளம் தெரியும்படி சொல்லி, தானே கொடுக்க வேண்டும். சொந்தக்காரர் கொடுத்தால் பெரும்பாலும் எடுபடாது. அதனால் தங்கச்சியே கொடுத்தாள், வீடியோவும் போனது. ஆனால் அதற்குள் வேறு யார் இறக்கி வைத்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

போன பணத்துக்கு, சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு உடனே அழைக்க வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் வங்கிகளுக்குச் சொல்லி முடக்கப் பார்ப்பார்கள். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் காசு. மாமா விஷயத்தில் தெரிந்ததே அடுத்த நாள்தான். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகார் பதிந்து, நாகர்கோவில் சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் விவரம் கொடுத்தோம். அதற்குள் பெரும்பகுதி போய்விட்டது. 11,000 ரூபாய் மட்டும் முடக்கப்பட்டிருக்கிறது, இன்னும் கைக்கு வரவில்லை. ஆள்மாறாட்ட மோசடிக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66டி பிரிவு இருக்கிறது, மூன்று வருஷம் வரை சிறை உண்டு. ஆளைப் பிடித்தால்தானே.

ஸ்டுடியோவில் கேட்க வேண்டியது இதுதான்: நேரலையை அன்லிஸ்டட் ஆக வையுங்கள். யூடியூபில் பப்ளிக், அன்லிஸ்டட், பிரைவேட் என்று மூன்று வகை. பிரைவேட் என்றால் ஒவ்வொருவரையும் மின்னஞ்சல் முகவரி கொடுத்துச் சேர்க்க வேண்டும், நம் பாட்டிகளுக்கு அது ஆகாது. அன்லிஸ்டட் என்றால் லிங்க் உள்ளவர் மட்டும் பார்க்கலாம், தேடினாலும் வராது, சேனலிலும் தெரியாது. லிங்க் கைமாறினால் வெளியே போகும் என்பது உண்மைதான், ஆனாலும் பப்ளிக் அளவுக்குக் கேடில்லை. தலைப்பில் முழுப் பெயர் வேண்டாம். முகப்புப் படத்தில் அழைப்பிதழ் கூடவே கூடாது. சாட்டை அணைத்துவிடச் சொல்லுங்கள், அது அவர்களுக்கு ஒரு பொத்தான் வேலை. இதையெல்லாம் ரசீதின் பின்பக்கமாவது எழுதி, கடை முத்திரை வாங்குங்கள். மேக்கப் போடுபவரிடமும் மண்டபத்திலும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஒருவர் எடுத்ததை இன்னொருவர் வாங்கிப் போடுகிறார்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவையுங்கள். புது நம்பரில் யார் பணம் கேட்டாலும் பழைய நம்பருக்கு ஒரு தடவை கூப்பிட வேண்டும். பேச முடியாது என்று பதில் வந்தால் பணமும் முடியாது.

மாப்பிள்ளையின் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. தக்கலையில் வேறு ஒரு ஸ்டுடியோ பிடித்து, மேலே சொன்ன அத்தனையும் எழுதி வாங்கியாயிற்று. கூடுதலாகப் பத்து ரூபாய்கூட அவர் கேட்கவில்லை. சாட் இல்லை என்றதும் குவைத்தில் இருக்கும் அத்தைக்குத்தான் வருத்தம், வாழ்த்தை எங்கே எழுதுவது என்று கேட்டார்கள். பெண்ணுக்கே போன் போட்டுச் சொல்லுங்கள் அத்தை என்றேன். ராத்திரி ரேட் எவ்வளவு என்று விசாரிக்கிறார்கள்.