காரைக்குடியில் ஹோம்ஸ்டே பணத்தை ரொக்கமாகக் கொடுத்து ஏமாந்தோம்

கனடாவுக்குப் பிள்ளைகளைப் படிக்க அனுப்பக் காத்திருக்கும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். அங்கே ஒரு குடும்பத்தோடு தங்க வைக்கிறோம், மூன்று வேளைச் சாப்பாடு என்று சொல்லி இங்கே யாராவது பணம் கேட்டால், ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். நாங்கள் கொடுத்தோம். எண்ணிக் கொடுத்தது நான்தான்.

தங்கைக்கு 2024 செப்டம்பரில் டொரன்டோவில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. விண்ணப்பம், விசா எல்லாம் காரைக்குடியில் ஒரு ஏஜென்ட் மூலம். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. விசா வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது, அதனால்தான் நம்பினோம். விசா வந்த மறுநாள் அவரே வீட்டுக்கு வந்தார். முகப்பில் உட்கார்ந்து ஆத்தாவிடம் பேசினார். "பொம்பளப் பிள்ளைய தனியா ரூம் எடுத்துத் தங்க விடாதீங்க ஆச்சி. டொரன்டோலயே ஸ்கார்பரோங்கிற பகுதில நம்ம தமிழ்க் குடும்பம் ஒண்ணு இருக்கு. மூணு வேளையும் வீட்டுச் சாப்பாடு." ஆத்தாவுக்கு அது போதுமாக இருந்தது.

மாதம் 1,100 கனடா டாலர், நான்கு மாதம் முன்பணம். ஒரு டாலர் 62 ரூபாய் என்று போட்டு 2,72,800 ரூபாய். சேவைக் கட்டணம் 25,000 தனி. ஆத்தாவின் வளையலை அடகு வைத்துத்தான் புரட்டினோம். 25,000-க்கு மட்டும் ரசீது கொடுத்தார்கள். மீதிக்குக் கேட்டபோது, "அது அந்தக் குடும்பத்துக்குப் போற காசு தம்பி, நாங்க ரசீது போட்டா ஜி.எஸ்.டி. சேத்துக் கட்டணும்" என்றார்கள். சரி என்று வந்துவிட்டேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கனடா அரசு 2024-இல் செலவுக்குக் காட்டச் சொன்ன 20,635 டாலரை ஜி.ஐ.சி. என்ற வைப்பாகப் போட்டோம். அது வங்கியிலிருந்து வங்கிக்குத் தங்கை பெயரிலேயே போனது. அவள் போய் இறங்கியதும் அங்குள்ள வங்கி ஒரு பகுதியைக் கொடுத்தது. மீதி மாதாமாதம் வந்தது. அதில் ஒரு பைசா குறையவில்லை. கையில் கொடுத்த பணம்தான் போனது.

அந்த வீடு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் வீடு. கணவர் இரவு வேலைக்குப் போகிறவர். தங்கைக்குக் கீழே பேஸ்மென்டில் ஓர் அறை, சமையலறை மேலே. போன மறுநாள் காலை குளித்துவிட்டு மேலே போயிருக்கிறாள். மேசை காலியாக இருந்திருக்கிறது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டாள். இரவும் அப்படியே. ஃபிரிட்ஜைத் திறந்தால் ஒவ்வொரு தட்டிலும் டேப் ஒட்டி ஒவ்வொருவர் பெயர். மேலே தங்கியிருந்த இரண்டு மாணவிகளின் பெயரும் இருந்தது. கீழ்த்தட்டில் புதிதாக ஒட்டிய டேப்பில் இவள் பெயர். தட்டில் ஒன்றும் இல்லை.

எங்களிடம் அவள் சொல்லவே இல்லை. நமக்கும் அவர்களுக்கும் அப்போது ஒன்பதரை மணி நேர வித்தியாசம். நாங்கள் இரவு எட்டரைக்குக் கூப்பிட்டால் அவளுக்குக் காலை 11 மணி. "சாப்பிட்டியாத்தா?" என்று ஆத்தா கேட்பார்கள். சாப்பிட்டேன் என்பாள். ஆத்தா டப்பாவில் 40 மாவுருண்டை வைத்து அனுப்பியிருந்தார்கள். காலையில் ஒன்று, இரவு ரொட்டியோடு ஒன்று என்று எண்ணி எண்ணிச் சாப்பிட்டிருக்கிறாள். வந்த இடத்தில் முதல் வாரத்திலேயே சாப்பாடு கேட்பதா என்ற கூச்சம். மூன்றாவது வாரம் டப்பா காலியான பிறகுதான் வீட்டுக்கார அன்ரியிடம் மெதுவாகக் கேட்டாள்.

அந்த அம்மா திகைத்துப் போய்விட்டார். "பிள்ளை, எனக்குச் சாப்பாடு எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. அறை மட்டும் எண்டுதான் சொன்னவை." போனை எடுத்துச் செய்தியைக் காட்டினார். அறை மட்டும், மாதம் 650. இரண்டு மாதப் பணம்தான் யார் மூலமோ அவருக்கு வந்திருந்தது. அதாவது 4,400 டாலர் வாங்கி, 1,300 கொடுத்திருக்கிறார்கள். அன்றிரவு அந்த அம்மா தன் செலவில் புட்டு அவித்துக் கொடுத்துவிட்டுத்தான் தங்கையைத் தூங்க விட்டார். அவர் மேல் எங்களுக்கு எந்த வருத்தமும் கிடையாது.

நான் நேரே அலுவலகத்துக்குப் போனேன். "ஹோம்ஸ்டேன்னா வீட்டுல தங்குறதுதானே? சாப்பாடுன்னு எதுல எழுதியிருக்கு, காட்டுங்க" என்றார் அங்கிருந்தவர். பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் ஐயா வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், எங்கள் பக்கத்துக் கல்யாண ஒப்பந்தமான இசைகுடிமானத்தைச் சொல்லி, "கல்யாணத்துக்கே இசைகுடிமானம் எழுதுறோம். சாமான் பட்டியல்ல கரண்டி வரைக்கும் எழுதுறோம். இதுக்கு ஒரு எழுத்து வாங்காம விட்டியேப்பா" என்றார்கள். ஐயாவுடைய அப்பச்சி (அப்பா) மலாயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர். வீட்டுப் பெட்டியில் அவருடைய பேரேடுகள் இன்றும் இருக்கின்றன. அந்த வார்த்தை என்னை இன்னும் விடவில்லை.

தங்கை கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் அலுவலகத்தில் விசாரித்தாள். அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. ஒன்டாரியோவின் 2006-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வீட்டு உரிமையாளரோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்து கொள்கிறவர்களுக்குப் பொருந்தாது. குடும்பத்தோடு தங்குகிற நம் பிள்ளைகள் பெரும்பாலும் அப்படித்தான் இருப்பார்கள். நமக்கு வாய்த்தவர் நல்லவர். வேறு மாதிரி ஆளாக இருந்து திடீரென்று வெளியே போகச் சொன்னால், வாடகைக்காரருக்கு உரிய பாதுகாப்பு கிடைக்காது. எழுதி வாங்கிய ஒப்பந்தம்தான் துணை. எத்தனை வேளைச் சாப்பாடு, சமையலறையில் எந்த நேரம் அடுப்பு கிடைக்கும், துணி துவைக்க எந்த நாள், வீட்டில் மொத்தம் எத்தனை பேர், பாதியில் மாறினால் எவ்வளவு திரும்ப வரும் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். பணம் கட்டுவதற்கு முன்னாலேயே அந்தக் குடும்பத்தின் பெயர், முகவரி வாங்கி ஒரு தடவை வீடியோவில் பேசுங்கள். நாங்கள் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் அந்த அம்மாவே உண்மையைச் சொல்லியிருப்பார். "அங்க போனப்புறம் பேசிக்கலாம்" என்று ஏஜென்ட் தள்ளினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். குடும்பத்தோடு தங்க வேண்டுமென்றால் முதலில் கல்லூரிக்கே எழுதிக் கேளுங்கள். சில கல்லூரிகள் தாங்களே இடம் காட்டும்.

எங்களுக்கு உதவியது ஆத்தாவின் பழைய போன். "மூணு வேளையும் சாப்பாடு ஆச்சி, கவலையே படாதீங்க" என்று அந்த ஆள் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவை ஆத்தா அழிக்கவில்லை. அதையும் அன்ரி அனுப்பிய செய்தியின் படத்தையும் வைத்து வக்கீல் நோட்டீஸ் விட்டோம். இரண்டு தவணையாக 90,000 வந்தது. அதன் பிறகு போனை எடுப்பதில்லை. மீதிக்குச் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் ஆணையத்துக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை நடந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிட்டால் தமிழிலேயே வழி சொன்னார்கள்.

தங்கை அதே வீட்டில்தான் இருக்கிறாள். 650 டாலரை மாதாமாதம் அன்ரியின் கணக்குக்கே அனுப்பிவிடுகிறாள். இரவு எட்டு மணிக்கு மேல் அவளுக்கு அடுப்பு. இந்தத் தடவை ஆத்தா அனுப்பிய பார்சலில் மாவுருண்டை டப்பா இரண்டு, ஒன்று அன்ரிக்கு.