சிறையிலிருந்து மனநல ஓ.பி. வரை: என் தங்கச்சிக்குக் கிடைத்த சேவை

கடலூர் முதுநகரில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் தங்கச்சிக்கு ஆறு வருடமாக இருமுனைக் கோளாறு (பைபோலார் என்கிற மனநோய்), அதற்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறாள். பிப்ரவரியில் ஒரு வழக்கில் ரிமாண்ட் ஆகி, வெளிமாவட்டப் பெண்கள் சிறைக்குப் போனாள். அங்கே மனநல வைத்தியம் கிடைப்பதற்கு நாங்கள் பட்ட பாட்டை எழுதுகிறேன். எங்களைப் போல் அலைகிறவர்களுக்கு உதவும்.

வீட்டு மாத்திரையை உள்ளே வாங்க மறுத்தார்கள். சரி, பாதுகாப்புக்காக என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பிவிடலாம். பதினெட்டு நாள் மாத்திரை இல்லை. சிறையில் மனு போட்டு அவளைப் பார்க்கப் போனபோது, நான் தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டில் கொக்கிகளை மாற்றி மாட்டியிருந்தாள். "தலைக்குள்ள உன் மெஷின் நிக்காம ஓடுதுக்கா" என்றாள். அன்று ராத்திரி என்னால் மெஷினில் உட்கார முடியவில்லை.

மருத்துவமனைக்குக் கூட்டிப்போக எழுதியாயிற்று, வழிக்காவலுக்குத்தான் (சிறையிலிருந்து கூடவே வரும் போலீஸ் காவல்) பெண் காவலர்கள் இல்லை என்றார்கள். ஒரு தடவை மாசி மகப் பந்தோபஸ்து. அடுத்த தடவை காரணமே சொல்லவில்லை.

கைகொடுத்தது கடலூர் நீதிமன்றத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. பழைய ஓ.பி. நோட்டின் நகலோடு மனு போட்டார்கள், மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. பழைய சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

மருத்துவமனை டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடலாம். காவலர்களைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு இருபது நிமிடம் அவளிடம் பேசினார். சிறுநீரகத்துக்கும் தைராய்டுக்கும் ரத்தம் பார்த்த பிறகுதான் லித்தியத்தை மறுபடி எழுதினார்.

வக்கீல் அம்மா 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 103வது பிரிவைக் காட்டினார். மாநிலத்துக்குக் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநல நிலையம் அமைக்க வேண்டுமாம். ஒன்று போதும் என்றால், அது ஆண்கள் சிறையில் அமைந்துவிட்டால் பெண்கள் எங்கே போவார்கள்? பெண்கள் சிறை ஒவ்வொன்றுக்கும் வாரம் ஒருமுறை மனநல டாக்டர் வந்தால் வழிக்காவலுக்கே காத்திருக்க வேண்டாமே.

டாக்டருக்கும் இலவச வக்கீலுக்கும் ஐந்துக்கு ஐந்து. கூட்டிப்போகும் ஏற்பாட்டுக்கு ஒன்று. அடுத்த ஓ.பி. 28ஆம் தேதி. வழிக்காவல் கேட்டு இன்றைக்கே மனு கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.