குவீன்ஸின் தமிழ்ப்பெண்: ‘தி வேர்ல்ட் வீ மேக்’

அமெரிக்க மிகுபுனைவு எழுத்தாளர் என். கே. ஜெமிசின் 2022இல் வெளியிட்ட ‘தி வேர்ல்ட் வீ மேக்’, 2020இல் வந்த ‘தி சிட்டி வீ பிகேம்’ நாவலின் தொடர்ச்சி. முதல் நூலைப் படிக்காதவர்கள் இதைத் தொட வேண்டாம். நியூயார்க்கின் ஒவ்வொரு பகுதியும் மனித உருவெடுத்து நடமாடும் இக்கதையில், வேற்றுலகப் பகையைவிட மேயர் தேர்தலும், வெறுப்பை முதலாக்கி வாக்குக் கேட்கும் வேட்பாளருமே என்னை அதிகம் பதறவைத்தன. அப்பகுதிகளில் ஒன்றான குவீன்ஸின் உருவமான பத்மினி தமிழ்ப்பெண் என்பதாலோ என்னவோ, வேலை பறிபோனதும் விசாவும் ஊசலாடத் தொடங்கும் அவளுடைய பக்கங்களில்தான் நெடுநேரம் நின்றேன். நகரமே அவளாக இருந்தும், அந்நகரில் தங்கியிருக்க அவளுக்கு ஒரு காகிதம் வேண்டியிருக்கிறது. மூன்று நூல்களாகத் திட்டமிட்டதை ஆசிரியர் இரண்டோடு முடித்துக்கொண்டதன் விளைவு, கடைசி அத்தியாயங்கள் மூச்சிரைக்க ஓடுகின்றன. புரூக்ளின் பகுதியின் உருவமாக வந்து மேயர் பதவிக்குப் போட்டியிடும் பெண்ணின் தேர்தல் களத்துக்கு இன்னும் நூறு பக்கங்களாவது ஒதுக்கியிருக்கலாம்.