தெரு நாய்க் கருத்தடைச் சேவை: எங்கள் குடியிருப்பின் மதிப்பீடு

மதுரையின் வடக்குப் புறநகரில், அழகர்கோயில் சாலையிலிருந்து உள்ளே பிரியும் எங்கள் குடியிருப்பில், தெரு நாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, திரும்பக் கொண்டுவந்து விடும் பணிக்காக ஒரு தொண்டு அமைப்பை எங்கள் நலச்சங்கம் அழைத்தது. விலங்கு நல வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற அமைப்பு அது. அதன் பெயரை நான் இங்கே எழுதவில்லை; இத்தகைய சேவையை எந்த ஊரில் யார் அழைத்தாலும் எதைப் பார்த்து மதிப்பிட வேண்டும் என்று சொல்வதே என் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுவை சிகிச்சையில் இவர்கள் மிகத் தேர்ந்தவர்கள். பிடிப்பதிலும் குறை சொல்ல இடமில்லை. ஆனால் திரும்ப விடுவதில் கவனம் போதவில்லை. கருத்தடையின் பலன் தெருவில் நிலைப்பது அந்தக் கடைசி வேலையைப் பொறுத்தே என்பதால், அதைச் சிறிய குறை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

நாய்களைப் பிடித்துக்கொண்டு போய் ஊருக்கு வெளியே விட்டுவிட வேண்டியதுதானே என்று எங்கள் சங்கக் கூட்டத்திலும் பலர் கேட்டார்கள். அவர்களுடைய அச்சம் நியாயமானது. அதிகாலையில் பால் வாங்கப் போகும் முதியவர்களும், தனிவகுப்பு முடிந்து இருட்டில் சைக்கிளில் திரும்பும் பிள்ளைகளும் துரத்தப்பட்டிருக்கிறார்கள். ஆனால் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2001இல் வந்த விதிகளும், அவற்றுக்குப் பதிலாக 2023இல் வந்த விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளும், பிடித்த நாயைச் சிகிச்சைக்குப் பின் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்கின்றன. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும், வெறிநோய் உள்ளவை, மூர்க்கமாகக் கடிப்பவை நீங்கலாக, மற்ற நாய்களை அவற்றின் இடத்திலேயே விட வேண்டும் என்றது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களுக்கு மட்டும் அதே ஆண்டு நவம்பரில் வேறு உத்தரவு வந்தது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் இதில் காரணம் உண்டு. ஒரு தெருவின் நாய்களை அப்புறப்படுத்தினால், அங்கே கிடைக்கும் எச்சில் சோற்றையும் கறிக்கடைக் கழிவையும் தேடி, ஊசியும் போடாத கருத்தடையும் செய்யாத வேறு நாய்கள் வந்து சேரும்.

பிடிக்க வந்தவர்கள் விடிவதற்கு முன்பே வந்தார்கள். முன்பெல்லாம் நாய் வண்டி என்றால் இரும்பு இடுக்கியும் கம்பிச் சுருக்கும்தான் பெரியவர்களின் நினைவுக்கு வரும். இவர்கள் கொண்டுவந்தது வலை மட்டுமே. வலை வைத்திருந்த இளைஞன் டீக்கடை பெஞ்சுக்குக் கீழே குந்தி உட்கார்ந்து, பொறையைப் பிட்டுப் பிட்டுப் போட்டான். நாய் பக்கத்தில் வந்து தின்னத் தொடங்கிய பிறகே வலை விழுந்தது. விழுந்ததும் ஒரு சாக்கால் அதன் கண்ணை மூடி, தூக்கிக் கூண்டில் வைத்தார்கள். செவலை என்று நாங்கள் கூப்பிடும் பெட்டை நாயையும் அப்படித்தான் பிடித்தான். ஆனால் தூக்கும்போது அதன் மடி கனத்திருப்பதைக் கவனித்து, உடனே கீழே விட்டுவிட்டான். “குட்டி எங்கயோ இருக்குக்கா, இத இப்பத் தூக்கக் கூடாது” என்று, தினமும் அதற்குச் சோறு வைக்கும் பூக்கட்டும் அக்காவிடம் சொன்னான். தேடிப் பார்த்தபோது, கட்டி முடிக்காத ஒரு வீட்டின் ஜல்லிக் குவியலுக்குப் பின்னால் கண் திறக்காத குட்டிகள் கிடந்தன. பால் கொடுக்கும் நாயையும் ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியையும் பிடிக்கக் கூடாது என்பது விதி. எண்ணிக்கை காட்ட வேண்டும் என்ற அவசரத்தில் அதை மீறுவது எளிது. அந்த இளைஞன் மீறவில்லை என்பதே இந்தச் சேவைக்கு நான் தரும் முதல் மதிப்பெண்.

சிகிச்சை மையத்தைச் சங்கத்தின் சார்பில் நேரில் போய்ப் பார்த்தோம். முன்னறிவிப்பு இல்லாமல் போனோம், தடுக்கவில்லை. ஆண் நாய்களும் பெட்டைகளும் தனித்தனிக் கூண்டுகளில் இருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் எண் இட்ட வில்லை தொங்கியது. பெட்டை நாய்க்கு விலாப் பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்கும் குறைவான வெட்டு, தானாகக் கரையும் தையல். மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியில் சிறு வெட்டுப் போடுகிறார்கள். கருத்தடை ஆன நாயை மறுபடி பிடிக்காமல் தூரத்திலிருந்தே அடையாளம் காண அது உதவுகிறது. குறைந்தது நான்கு நாட்களாவது வைத்திருந்து காயம் பார்க்க வேண்டும் என்பதையும் கடைப்பிடித்தார்கள். எங்கள் பகுதி நாய்களில் ஒன்றுக்கும் தையல் பிரியவில்லை, சீழ் வைக்கவில்லை. இந்த வேலைக்காக அந்த மருத்துவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

குறைக்கு வருகிறேன். தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் பிடித்த கருப்பியை, இருட்டிய பிறகு, பிரதான சாலை ஓரக் காய்கறிக் கடைகளுக்கு முன்னால் இறக்கிவிட்டுப் போய்விட்டார் வண்டி ஓட்டுநர். அது வேறு கூட்டத்தின் எல்லை. மறுநாள் மதியம், பின்னங்கால் கடிபட்ட நிலையில், இரண்டு தெரு தள்ளி ஒரு சாக்கடைப் பாலத்துக்கு அடியில் அதைக் கண்டுபிடித்தோம். தொலைபேசியில் சொன்னதும் மருத்துவரே நேரில் வந்து கட்டணமின்றிச் சிகிச்சை செய்தார். அந்தப் பொறுப்புணர்வை மதிக்கிறேன். ஆனால் பதிவேட்டைக் கேட்டுப் பார்த்தபோது, பிடித்த இடம் என்ற கட்டத்தில் எங்கள் குடியிருப்பின் பெயர் மட்டுமே இருந்தது. தெருவும் இல்லை, அடையாளமும் இல்லை. ஓட்டுநரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. நாய்க்கு அதன் இடம் என்பது ஒரு சிறு எல்லைக்குள் அடங்குவது. அதைத் தாண்டி விட்டால் சண்டை வரும், சண்டையில் மிரண்ட நாய்தான் வழியில் போகிறவரைக் கடிக்கும். கடியைக் குறைக்கவென்று செய்யும் வேலை கடியைக் கூட்டுவதில் முடியக்கூடும்.

அவர்கள் வீடு வீடாகக் கொடுத்த துண்டறிக்கை பயனுள்ளது. கடிபட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும், சுண்ணாம்போ மிளகாய்ப் பொடியோ வைக்கக் கூடாது, அரசு மருத்துவமனையில் தடுப்பூசி இலவசம், முதல் நாளுக்குப் பின் 3, 7, 28ஆம் நாட்களிலும் தவறாமல் போக வேண்டும் என்று தெளிவாக அச்சிட்டிருந்தார்கள். பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் இதே கவனம் வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்த்திருக்கலாம்.

வளர்ப்பு நாய்களுக்கும் இவர்கள் ஊசியும் கருத்தடையும் செய்கிறார்கள். கட்டணம், தனியார் மருத்துவமனைகளில் நாங்கள் விசாரித்ததில் பாதிக்கும் குறைவு. ஆனாலும் எங்கள் குடியிருப்பில் இதற்கு முன்வந்தவர்கள் சிலரே. பகலெல்லாம் கட்டிப்போட்டு இரவில் அவிழ்த்துவிடும் ஆண் நாய்கள்தான் தெருவில் குட்டி பெருகுவதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று சொன்னால், “ஆம்பள நாய்க்கு எதுக்கு சார் ஆபரேசன்” என்கிறார்கள். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கோம்பையும் நம் பக்கத்து நாய்கள். ராஜபாளையத்துக்கு 2005இல் அஞ்சல் தலையே வெளியிட்டார்கள். அப்படிப்பட்ட நாயைப் பெருமைக்காக வாங்கி, ஓடுவதற்கு இடம் இல்லாத மாடியில் கட்டி வைத்து, அது சொறி பிடித்ததும் வைகைக் கரையில் விட்டுவிட்டு வருவதைப் பார்க்கும்போது மனம் ஆறுவதில்லை. விலங்கைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். முதல் முறைக்கு அதில் எழுதியிருக்கும் அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய். அந்தத் தொகை இன்று யாரையும் தடுக்காது.

சோறு வைப்பது பற்றியும் இவர்கள் நல்ல ஆலோசனை சொன்னார்கள். மாடிப்படிக்கும் வாசலுக்கும் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கும் விலகி, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். 2023 விதிகள் இந்தப் பொறுப்பை நலச்சங்கத்திடமே தருகின்றன. பூக்கட்டும் அக்கா இப்போது காலி மனையின் வேலி ஓரத்தில் வைக்கிறார். வாசலில் வைக்கிறார் என்று எழுந்துகொண்டிருந்த சண்டை ஓய்ந்தது.

மீண்டும் இவர்களையே அழைப்போம். மார்கழியில் தெருவெங்கும் நாய்ச் சண்டை தொடங்குவதற்கு முன்பே, புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும் என்று நாள் கேட்டிருக்கிறோம்; செவலையும், ஆறு மாதம் நிறைந்திருக்கும் அதன் குட்டிகளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. வெறிநோய் பரவுவதை நிறுத்த ஒரு பகுதி நாய்களில் 70 விழுக்காட்டுக்காவது ஊசி போட்டிருக்க வேண்டும் என்பதால், விடுபட்ட நாய்களைத் தெருவாரியாக எழுதித் தந்திருக்கிறோம். அதனுடன் இரண்டு நிபந்தனைகளையும் எழுத்தில் கொடுத்துவிட்டோம்: பிடிக்கும் இடத்திலேயே ஒவ்வொரு நாயையும் அருகிலுள்ள வீட்டு எண்ணுடன் படம் எடுத்துப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும், திரும்ப விடுவது பகலில், எங்கள் தெருவாசி ஒருவரின் முன்னிலையில் நடக்க வேண்டும். மருத்துவர் இரண்டுக்கும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருக்கிறார்.