ஜாங்கோ மைக்ரேஷன்: பல வருடம் புழங்கிய பிறகு

பைதானில் வலைத்தளம் கட்ட உதவுவது ஜாங்கோ. டேட்டாபேஸ் டேபிள்களின் அமைப்பை மாற்றும் படிகளைக் கோப்புகளாக வைத்து ஓட்டுவதுதான் மைக்ரேஷன். 2014-இல் 1.7 பதிப்போடு இந்த வசதி ஜாங்கோவுக்குள்ளேயே வந்துவிட்டது. அதற்கு முன் இருந்த சவுத் பேக்கேஜை எழுதிய ஆண்ட்ரூ காட்வின்தான் இதையும் எழுதினார். அன்றிலிருந்து நான் வேறு எதற்கும் மாறவில்லை.

புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இந்தக் கோப்புகளை ஓட்டும் மைக்ரேட் கட்டளை நிஜ டேபிள்களைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. 'ஜாங்கோ_மைக்ரேஷன்ஸ்' என்ற டேபிளில் அந்த மைக்ரேஷன் கோப்பின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். இருந்தால் தாண்டிப் போய்விடும், இல்லையென்றால் ஓட்டும். 'டேபிள் ஏற்கெனவே இருக்கிறது' என்று எரர் வந்தால், பெரும்பாலும் டேபிள் இருக்கிறது, பதிவு இல்லை. உடனே '--ஃபேக்' போடச் சொல்பவர்கள் அதிகம். அது பெயரைப் பதிவதோடு சரி, டேட்டாபேஸைத் தொடாது. டேபிளுக்குள் ஒரு காலம் (column, நெடுவரிசை) குறைந்திருந்தால், அதைக் கேட்கும் பக்கத்தை யாராவது திறக்கும்போதுதான் வெடிக்கும். அதனால் முதலில் எதெல்லாம் பதிவாகியிருக்கிறது என்று காட்டும் ஷோமைக்ரேஷன்ஸ், அப்புறம் எஸ்க்யூஎல்மைக்ரேட் காட்டும் எஸ்க்யூஎல்லை (டேட்டாபேஸுக்கான கட்டளைகளை) நிஜ டேபிளோடு ஒப்பிடுவது. ஃபேக் அதற்குப் பிறகுதான்.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல் (சுருக்கமாக போஸ்ட்கிரெஸ்) டேட்டாபேஸில் மைக்ரேஷன் பாதியில் விழுந்தால், செய்த மாற்றம் மொத்தமும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் அப்படியில்லை. மூன்று காலம் சேர்க்கும் கோப்பு இரண்டாவதில் விழுந்தால், முதல் காலம் டேபிளிலேயே தங்கிவிடும், ஆனால் பதிவு ஏறியிருக்காது. மறுபடி ஓட்டினால் 'டூப்ளிகேட் காலம்' என்று நிற்கும். அந்தக் காலத்தைக் கையால் நீக்கிவிட்டு, விழுந்த காரணத்தைச் சரிசெய்து ஓட்டுவதுதான் வழி. இந்த ஒரு காரணத்துக்காகவே புது வேலைகளுக்கு நான் போஸ்ட்கிரெஸ்தான் கேட்பேன்.

ஃபீல்டின் (கோடில் ஒரு காலத்தைக் குறிப்பது) பெயரை மாற்றினால், மைக்ரேஷன் கோப்பை எழுதித் தரும் மேக்மைக்ரேஷன்ஸ் கட்டளை 'பெயர் மாற்றமா?' என்று கேட்கும். யோசிக்காமல் என்டர் தட்டினால் 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு, பழைய காலத்தை அழித்துப் புதிதாக ஒன்றைச் சேர்க்கும் கோப்பை எழுதிவிடும். அதை அப்படியே ஓட்டினால் டேட்டா போச்சு. கோப்பைத் திறந்து 'ரினேம்ஃபீல்ட்' இருக்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும்.

இருவர் தனித்தனியாக வேலை செய்யும் இரண்டு பிராஞ்சில் (கோடின் கிளைகள்) ஒரே எண்ணில் மைக்ரேஷன் கோப்பு வந்தால் மேக்மைக்ரேஷன்ஸின் '--மெர்ஜ்' பார்த்துக்கொள்ளும். ஒரே ஃபீல்டை இருவரும் தொட்டிருந்தால் மட்டும் உட்கார்ந்து பேச வேண்டும்.

பெரிய டேபிளில் இண்டெக்ஸ் (தேடலை வேகப்படுத்தும் அட்டவணை) போட ஜாங்கோ 3.0-இல் வந்த 'ஆட்இண்டெக்ஸ்கன்கரன்ட்லி' நல்ல விஷயம், போஸ்ட்கிரெஸுக்கு மட்டும். மைக்ரேஷன் கோப்பில் 'அடாமிக்' (மொத்தமும் ஒரே மூச்சில், இல்லையேல் எதுவும் இல்லை என்ற அமைப்பு) ஃபால்ஸ் ஆக இருக்க வேண்டும். நடுவில் நின்றுபோனால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று அங்கேயே கிடக்கும், அதை டிராப் செய்துவிட்டுத்தான் மறுபடி ஓட்ட முடியும்.