ஆட்டிறைச்சி ஸ்ட்யூ: அடிகனமான பாத்திரமா, ஓவனா, பிரஷர் குக்கரா, ஸ்லோ குக்கரா?

ஆட்டிறைச்சி ஸ்ட்யூவுக்கு எந்த முறை சிறந்தது என்று பேசும்போது, கறி எவ்வளவு மென்மையாக வேகிறது என்பதை மட்டுமே பெரும்பாலோர் அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். போதிய நேரம் கொடுத்தால் தோள்பட்டைக் கறியும் கழுத்துக்கறியும் எதில் வைத்தாலும் மென்மையாகிவிடும் என்பதால், அந்த அளவுகோலில் நான்கு முறைகளுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. கறியுடன் சேரும் கேரட், உருளைக்கிழங்கு, டர்னிப் ஆகியவை அதே வேளையில் பதமாக வெந்திருக்கின்றனவா என்று பார்த்தால்தான் ஒவ்வொரு முறையின் தரமும் குறையும் வெளிப்படும்.

கடினமான கறியைக் கட்டிவைத்திருக்கும் கொலாஜன், ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸைக் கடந்த பிறகே குறிப்பிடத்தக்க வேகத்தில் ஜெலட்டின் என்ற வழவழப்பான பொருளாக மாறிக் கறியை மென்மையாக்கத் தொடங்குகிறது. வெப்பம் கூடக்கூட அந்த மாற்றம் விரைவுபடுகிறது. கிழங்குகளின் உயிரணுக்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினோ 85 டிகிரிக்குக் கீழே எளிதில் கரைவதில்லை. கொதிநிலையை நெருங்கிவிட்டால் அரை மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடுகிறது. ஆகவே வெப்பம் குறைவான முறையில் கறி முந்திக்கொள்கிறது, வெப்பம் மிகுந்த முறையில் கிழங்கு முந்திக்கொள்கிறது.

அடுப்பின் மேல் அடிகனமான பாத்திரத்தில் வேகவைப்பது மிகப் பழைய முறை. சமைப்பவரின் கைக்கு முழுக் கட்டுப்பாட்டையும் தருவதும் அதுதான். 4 சென்டிமீட்டர் அளவில் வெட்டிய ஒரு கிலோ தோள்பட்டைக் கறியைத் துணியால் ஈரம் போக ஒற்றி எடுத்து, பாத்திரத்தை நெரிசலாக நிரப்பாமல் இரண்டு மூன்று தவணைகளாகச் சிவக்க வறுக்க வேண்டும். மேற்பரப்பில் ஈரம் இருக்கும் வரை வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. பழுப்பு நிறமும் வறுத்த மணமும் 140 டிகிரியை ஒட்டித்தான் உருவாகும் என்பதால் இந்த ஒற்றியெடுப்பைத் தவிர்ப்பதற்கில்லை. பிறகு வெங்காயத்தை வதக்கி, தண்ணீர் விட்டு, அடியில் பிடித்திருக்கும் பழுப்பை மரக்கரண்டியால் சுரண்டிவிட்டால் குழம்பின் நிறத்திலும் சுவையிலும் பாதி வேலை முடிந்துவிடும். தளதளவென்று கொதிக்கவிடாமல் ஓரிரு குமிழிகள் மட்டும் எழும் அளவுக்குத் தீயைக் குறைத்து, ஒன்றேகால் மணி நேரம் கழித்துக் கிழங்குகளைச் சேர்த்தால், மேலும் 35 அல்லது 40 நிமிடங்களில் கறியும் கிழங்கும் ஒன்றாகப் பதத்துக்கு வரும். அடிப்பிடிக்காமல் அவ்வப்போது கிளறிப் பார்க்க வேண்டும் என்பது மட்டுமே இதன் தொல்லை.

அந்தத் தொல்லையையும் ஓவன் தீர்த்துவைக்கிறது. அதே பாத்திரத்தை மூடி, 150 டிகிரி வெப்பத்தில் உள்ளே வைத்துவிட்டால், எல்லாப் பக்கங்களிலிருந்தும் சீராக வெப்பம் பரவுவதால் அடிப்பிடிக்கும் அச்சமே இல்லை. மூடியைச் சற்றே விலக்கி வைத்தால் ஆவி வெளியேறிக் குழம்பு தானாகவே இறுகும். குழம்புக்கு மேலே தலைநீட்டும் துண்டுகள் அங்கேயே சிவந்துவிடும். அடுப்பின் மேல் ஆகும் நேரத்தைவிட அரை மணி கூடுதலாகும், ஒரே ஒரு பாத்திரத்துக்காகப் பெரிய ஓவனைச் சூடாக்குவது வீண்செலவாகவும் தோன்றும். ஆனால் சுவையை மட்டும் கருதினால் முதலிடத்தை இதற்குத்தான் தருவேன்.

பிரஷர் குக்கருக்கு நேரம்தான் வாதம். அதை எளிதில் ஒதுக்கவும் முடியாது. முழு அழுத்தத்தில் உள்ளே ஏறத்தாழ 120 டிகிரி வெப்பம் நிலவுவதால், திறந்த பாத்திரத்தில் ஒன்றரை மணிக்கு மேல் பிடிக்கும் தோள்பட்டைக் கறி 25 நிமிடங்களில் வெந்துவிடுகிறது. ஆனால் அதே வெப்பத்தில் கேரட்டுக்கு 5 நிமிடங்களே போதும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடினால் கறி வேகும்போது கிழங்கு உருத்தெரியாமல் கரைந்து, மாவுப் பசையாய்க் குழம்பில் கலந்துவிடும். இன்னொரு குறை, ஆவி அதிகம் வெளியேறாததால் ஊற்றிய தண்ணீரெல்லாம் அப்படியே தங்கி, கறியின் சாறும் சேர்ந்து குழம்பு நீர்த்துப்போவது. இரண்டு குறைகளுக்கும் ஒரே மருந்து உண்டு. அரை லிட்டருக்கு மிகாமல் தண்ணீர் ஊற்றி, கறியை மட்டும் வேகவைத்து, அழுத்தம் தானாக அடங்கிய பின் திறந்து, கிழங்குகளைச் சேர்த்து மூடாமல் 20 முதல் 25 நிமிடங்கள் கொதிக்கவிட்டால், கிழங்கு வேகும் நேரத்திலேயே குழம்பும் வற்றிக் கெட்டிப்படும். அவசரப்பட்டு ஆவியைச் சட்டென்று வெளியேற்றுவது கறிக்கு நல்லதல்ல. அழுத்தம் திடீரென இறங்கும்போது துண்டுகளுக்குள் இருக்கும் நீர் கொதித்து வெளியேற, நார்கள் வறண்டுபோகின்றன. விசிலை எண்ணுவதைவிட, அழுத்தம் ஏறிய பிறகு கடிகாரத்தைப் பார்ப்பதே நம்பகமானது. ஒரே எண்ணிக்கை விசிலுக்கு ஒவ்வொரு குக்கரும் ஒவ்வொரு நேரம் எடுத்துக்கொள்ளும்.

குறைந்த வெப்பத்தில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்சாரச் சட்டியான ஸ்லோ குக்கர் இதற்கு நேரெதிர். இதில் எட்டு மணி நேரம் வேகும் கறி கரண்டியால் தொட்டாலே பிரியும். அதே சட்டியிலிருந்து எடுத்த கேரட் துண்டோ நடுவில் விறைப்பாக நிற்கும். வெப்பம் மிக மெதுவாக ஏறுவதே இதற்குக் காரணம். கேரட்டும் உருளைக்கிழங்கும் 55 முதல் 65 டிகிரி வரையிலான வெப்பத்தில் நீண்ட நேரம் கிடந்தால், அவற்றிலுள்ள ஒரு நொதி பெக்டினை உறுதிப்படுத்திவிடுகிறது; பின்னர் வெப்பம் கூடினாலும் அந்த உறுதி எளிதில் போவதில்லை. தக்காளியோ வினிகரோ சேர்த்தால் புளிப்பு அந்த விறைப்பை மேலும் நீட்டிக்கும். எனவே இம்முறையைத் தேர்ந்தெடுப்பவர்கள் கிழங்குகளைச் சிறு துண்டுகளாக வெட்டி, அடியில் பரப்பி, அவற்றின் மேல் கறியை வைத்து, கொதிக்கும் தண்ணீரை ஊற்றித் தொடங்குவது நல்லது. புளிப்புப் பொருளைக் கடைசி ஒரு மணி நேரத்தில் சேர்க்கலாம். உறைந்த கறியை நேராக இதில் போடுவது பாதுகாப்பானதும் அல்ல, ஏனெனில் கிருமிகள் பெருகும் வெப்பநிலையில் அது நெடுநேரம் கிடக்கும். வறுக்கவும் தனிச்சட்டி தேவைப்படுவதால், வீட்டில் ஆள் இல்லாத பகற்பொழுதைத் தவிர வேறு எதற்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த முறையானாலும் தொடைக்கறியை வாங்காமல் இருப்பது நல்லது. கொழுப்பும் கொலாஜனும் குறைவான அது நெடுநேரம் வெந்தால் சக்கையாகிவிடும். பீட்ரூட் எல்லாவற்றையும் சிவப்பாக்கிவிடும் என்பதால் அதைத் தனியே வேகவைத்துப் பரிமாறும்போது சேர்ப்பதே உசிதம். மாவுத்தன்மை மிகுந்த உருளைக்கிழங்கு ஓரம் கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும், மெழுகுபோல் இறுக்கமான வகை உருக்குலையாமல் நிற்கும்; இரண்டையும் பாதிப்பாதி சேர்த்தால் தனியாக மாவு கரைத்து ஊற்றத் தேவையில்லை.

விருந்துக்கு முதல் நாளே சமைப்பவர்களுக்கு மட்டும் இந்த ஒப்பீடு வேறு விதமாக முடிகிறது. செம்மறி ஆட்டுக்கே உரிய வாடை பெரும்பாலும் அதன் கொழுப்பில்தான் தங்கியிருக்கிறது. குளிர்ந்த குழம்பின் மேல் அக்கொழுப்பு வெள்ளைத் தகடாக உறைந்துவிடுவதால், மறுநாள் அதைக் கரண்டியால் அப்படியே வழித்தெடுத்துவிடலாம். கறியை மட்டும் முதல் நாள் வேகவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மறுநாள் சூடாக்கும்போது கிழங்குகளைச் சேர்த்து வேகவிட்டால், குக்கரில் வெந்த கறிக்கும் ஓவனில் வெந்த கறிக்கும் உள்ள வேறுபாட்டைச் சாப்பிடுபவர்கள் கண்டுபிடிப்பது கடினம்.