பெயிட்காஸ்டரில் சிக்கு விழாத பிரெய்டு: வேலூர், ராணிப்பேட்டை ஏரிகளில் இரண்டு பருவம் ஓடிய நூல்கள்

காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் ஆடிக்காற்று எதிரே அடிக்கும்போது பெயிட்காஸ்டரில், அதாவது வீசும்போது ஸ்பூலே (நூல் சுற்றிய உருளை) சுழலும் மீன்பிடி ரீலில், குருவிக்கூடு மாதிரி சிக்கு விழுந்தால், எல்லாருடைய கையும் முதலில் பிரேக் திருகுக்குத்தான் போகும். 30, 40, 50 பவுண்டு பிரெய்டுகளை (பல இழை பின்னிய நூல்களை) இரண்டு பருவம் மாற்றி மாற்றிச் சுற்றி ஓட்டியதில் எங்களுக்குத் தெளிவானது ஒன்று: பெரும்பாலான சிக்கு நூலிலிருந்தே தொடங்குகிறது. நூலின் தடிமன் என்ன, அது ஸ்பூலில் எவ்வளவு இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் பிரேக்.

மூன்று கிலோ விராலுக்கு 50 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 23 கிலோ தாங்கும் நூல் எதற்கு என்று பலரும் கேட்பார்கள். மீன் கணக்கில் நியாயமான கேள்விதான். ஆனால் ரீலின் கணக்கு வேறு. மீன் இழுக்கும்போதோ, தண்ணீரில் மூழ்கிய சீமைக்கருவேல முள்ளில் மாட்டி நாம் இழுக்கும்போதோ, மெல்லிய பிரெய்டு அடிச்சுற்றுகளுக்கு நடுவே புதைந்துவிடும். அடுத்த வீச்சில் தவளை லூர் (தவளை வடிவச் செயற்கை இரை) பத்து மீட்டர் போனதும் அந்தப் புதைந்த இடம் வரும். நூல் அங்கே கவ்வி நிற்கும், ஸ்பூல் மட்டும் நிற்காமல் சுற்றும். வெளியே போக வழியில்லாத நூல் உள்ளேயே சுருண்டுகொள்ளும். 0.28 மி.மீ. நூலில் இது அடிக்கடி நடந்தது. 0.36-க்குப் போனதும் வெகுவாகக் குறைந்தது.

ஆகவே கடையில் பவுண்டைப் பார்க்காதீர்கள், மில்லிமீட்டரைப் பாருங்கள். ஒரே 40 பவுண்டு ஒரு கம்பெனியில் தடிமனாகவும் இன்னொன்றில் மெலிதாகவும் வரும். பாசி ஏரியில் தவளை வீச 0.36, மோர்தானா அணை மாதிரி திறந்த நீரில் 20–30 கிராம் ஸ்பூன் (உலோகத் தகடு லூர்) வீச 0.32, வாளைக்காக 6500 அளவு உருண்டை ரீலில் 60 கிராமுக்கு மேல் ஈயம் கட்டுவதென்றால் 0.40. 0.30-க்குக் கீழே உள்ளது, வீசும்போது ஸ்பூல் சுழலாத ஸ்பின்னிங் ரீலுக்கான சரக்கு.

நாலு இழையா, எட்டு இழையா? எட்டு இழை உருண்டையாக, வழவழப்பாக இருக்கும். வளையங்களில் சத்தமில்லாமல் ஓடும், தூரமும் கூடும். ஆனால் ஒவ்வொரு இழையும் மெல்லியது, சம்புத் தண்டில் உரசி உரசிச் சீக்கிரம் பஞ்சு கிளம்பும். நாலு இழை சொரசொரப்பு. அந்தச் சொரசொரப்புதான் வெங்காயத்தாமரைத் தண்டை ரம்பம் போல அறுத்துக்கொண்டு வரும். ஏரிக்கு நாலு இழை என்பது எங்கள் தீர்மானம். பாறையில் மட்டும் இரண்டுமே ஏமாற்றும். இழுவிசையில் நிற்கும் பிரெய்டு, கல் விளிம்பில் ஒரு உரசலில் அறுந்துவிடும். மோர்தானா கரைப் பாறைகளில் 0.60 தங்கூஸை (ஒற்றை இழை நைலான் நூலை) முன்னால் ஒரு மீட்டர் கட்டுங்கள். வீசும்போது அந்த முடிச்சு லெவல் விண்டுக்குள் (ஸ்பூலில் நூலைச் சீராகப் பரப்பும் வழிகாட்டி) போகாமல் வெளியிலேயே இருக்க வேண்டும். உள்ளே போனால் ஒவ்வொரு வீச்சிலும் இடிக்கும்.

இனி சுற்றும் முறை. பிரெய்டை நேரே ஸ்பூலில் கட்டினால் மொத்தச் சுற்றும் வழுக்கிச் சுழலும். மீன் இழுத்தால் நூலை விட்டுக்கொடுக்கும் டிராக் பழுதானது போலத் தெரியும். அடியில் பத்து மீட்டர் தங்கூஸ் சுற்றி, அதோடு பிரெய்டை இரட்டை யூனி முடிச்சில் இணையுங்கள். எச்சில் தொட்டு நனைத்துத்தான் முடிச்சை இறுக்க வேண்டும், உலர்ந்து இறுக்கினால் உரசல் சூட்டில் இழை பலவீனப்படும். ஒருவர் நூல்கட்டையைப் பென்சிலில் கோத்துப் பிடிக்க, நீங்கள் ஈரத்துணியால் நூலை அழுத்திப் பிடித்துச் சுற்றுங்கள். சுற்றி முடித்து ஸ்பூலைக் கட்டைவிரலால் அழுத்தினால் மரம் மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். பஞ்சு மாதிரி அமுங்கினால் அவிழ்த்து மறுபடி சுற்றுங்கள். விளிம்பிலிருந்து 2–3 மி.மீ. காலியாக விடுங்கள்.

பிரேக்குக்கு வருவோம். லூரை ராடு நுனியில் தொங்கவிட்டு, ஸ்பூலை விடுவிக்கும் பட்டனை அழுத்துங்கள். அது மெதுவாக இறங்கி, தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிற்கும் அளவுக்குக் கைப்பிடிப் பக்கத் திருகை இறுக்குங்கள். லூரை மாற்றினால் இதையும் மாற்ற வேண்டும். காந்த பிரேக் பத்துப் படி இருந்தால் புதியவர்கள் எட்டில் தொடங்கி, சிக்கில்லாமல் வரவர ஒவ்வொன்றாகக் குறைக்கலாம். அம்பாசடர் 6500 ரீலின் பல மாடல்களில் இருப்பது மையவிலக்கு பிரேக், சின்னக் கட்டைகள். அவை வேகமாகச் சுற்றும் தொடக்கத்தில் பிடிக்கும், கடைசியில் விட்டுவிடும். லூர் தண்ணீரைத் தொடும் நொடிக்குக் கட்டைவிரல்தான் பிரேக். எதிர்காற்றில் ஒரு படி கூட்டி, பக்கவாட்டில் தாழ்வாக வீசுங்கள். உயரத் தூக்கி வீசினால் காற்று லூரின் வேகத்தைக் குறைக்கும், ஸ்பூலின் வேகம் குறையாது.

இவ்வளவும் சரியாக இருந்தும் சிக்கு விழுகிறதா? தவளையை நடக்கவிட்டு இழுக்கும் விதத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் நூல் தொய்யும், தொய்ந்த நூல் தளர்வாகவே ஸ்பூலில் ஏறும். அடுத்த வீச்சில் இந்தத் தளர்ந்த சுற்றுகள் எழும்பி ஒன்றின்மேல் ஒன்று விழும். ரீலுக்கு முன்னால் ஆள்காட்டி விரலாலும் கட்டைவிரலாலும் நூலைக் கிள்ளிப் பிடித்தபடி கடைசிப் பத்து மீட்டரைச் சுற்றுங்கள். அதிகம் பேர் விட்டுவிடும் பழக்கம் இதுதான்.

சிக்கு விழுந்துவிட்டால் இழுக்காதீர்கள். சிக்கின்மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்து, கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று சுற்றி, பிறகு பட்டனை அழுத்தி நூலை மெல்ல உருவுங்கள். பெரும்பாலும் அவிழ்ந்துவிடும். மிச்சத்துக்கு முனை மழுங்கிய குரோஷே ஊசி போதும், குண்டூசி இழையைக் குத்திக் கிழிக்கும். தூண்டில் முள் எங்காவது மாட்டினால் நூலைக் கையில் சுற்றி இழுக்கவே கூடாது, சதையை அறுக்கும். ஒரு குச்சியில் சுற்றி இழுங்கள். வெட்டிய துண்டுகளைக் கரையில் போடாமல் எடுத்து வாருங்கள். அது மக்காது, கொக்கின் காலில் சுற்றும்.

நீண்ட நாள் ஓட்டத்தில் நிறம் முதலில் போகும். அதற்காகக் கவலை வேண்டாம், வலு அப்படியே இருக்கும். பஞ்சு கிளம்பிய முன் மூன்று மீட்டரை மாதம் ஒருமுறை வெட்டுங்கள். ஒரு வருடம் ஆனதும் நூலைத் தலைகீழாகச் சுற்றினால், அடியில் தூங்கிய புதுநூல் மேலே வரும். பாலாற்று மணல் ஒட்டியிருந்தால் நல்ல தண்ணீரில் அலசிச் சுற்றுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பஞ்சு கிளம்பினால் நூலை மாற்றாமல், ராடின் ஒவ்வொரு வளையத்திலும் கொஞ்சம் பஞ்சை நுழைத்துத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு இழை எந்த வளையத்தில் மாட்டுகிறதோ, அதன் பீங்கான் விரிசல் விட்டிருக்கிறது.